இன்னா குரூப்பு?

ஒரகடம் கூட்டு ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருந்த அவருக்கு மனிதர்களின் பெயர் நினைவில் நிற்காது. நிற்காது என்பதைவிட, நிறுத்திக்கொள்ள அவர் மெனக்கெட்டதே இல்லை என்பதுதான் சரி. எனக்கு அவரை ஏழு வருடம் தெரியும். அந்த ஏழு வருடத்தில் ஒரு தடவைகூட அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவருக்கு நான் ‘ஏ பாசிட்டிவ்’. பக்கத்து டீக்கடைக்காரர் ‘ஏபி’. மத்தியானம் சாப்பாடு கொண்டுவரும் அவருடைய மனைவி ‘பி பாசிட்டிவ்’. “பி பாசிட்டிவ் வந்துகீது, கைய கழுவிக்கினு வரேன்” என்று டயரைக் கழற்றிப் போட்டபடியே எழுந்து போய்விடுவார். அந்த அம்மாளும் அது தனக்கு அப்பா அம்மா வைத்த பெயர் என்பது போலச் சோற்றை எடுத்து வைப்பார்.

நான் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வேலை தேடி வந்தவன். கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் ஒரு காண்டிராக்டரின் ஆபீசில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். ஆபீஸ் வல்லம் வடகாலில், அறை படப்பையில். சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஒருநாள் காலையில் வண்டி பஞ்சர். நேரமாகிவிட்டது, மேனேஜர் வாயில் விழ வேண்டும். எனக்கு எரிச்சலான எரிச்சல். வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் அவர் கடை முன்னால் நிறுத்தினேன். அவர் டயரைப் பார்க்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“இன்னா குரூப்பு?”

ஊர்விட்டு ஊர் வந்தவனுக்கு அந்தக் கேள்வி எப்படி இருக்கும்? சாதி கேட்டு வம்புக்கு இழுக்கிறார் என்று நினைத்துவிட்டேன்.

“எந்தக் குரூப்பா இருந்தா ஒமக்கென்னவே? பஞ்சர் பாப்பேரா மாட்டேரா?”

“ரத்தம் பா, ரத்தம். ஒடம்புல ஓடுதே, அது இன்னா குரூப்புன்னு கேட்டேன்.”

“ஏ பாசிட்டிவ்” என்றேன். பாலிடெக்னிக் படிக்கும்போது முகாமில் பார்த்துச் சொன்னது. அவர் முகம் மலர்ந்துவிட்டது. கடையின் தகரச் சுவருக்குப் போய், ஒரு தீக்குச்சியை வெள்ளைப் பெயிண்டில் தொட்டு எழுதினார். என் செல் நம்பரைக் கேட்டு அதையும் எழுதினார். அப்புறம்தான் டயர் பக்கம் வந்தார். அவர் நகர்ந்ததும் எட்டிப் பார்த்தேன். ‘ஏ பாசிட்டிவ் - கோவக்காரன் - படப்பை’ என்று இருந்தது.

சுவர் முழுக்க அப்படித்தான். ‘ஓ நெகட்டிவ் - பெரிய மீசை - வல்லம்.’ ‘பி பாசிட்டிவ் - சர்ச்சுல பாடுறவரு.’ ‘ஏபி - பால் வண்டி, காலைல கூப்புடாத.’ பெயர் ஒன்றுகூடக் கிடையாது. ஏன் அண்ணாச்சி இப்படி என்று பிறகு ஒருநாள் கேட்டேன். அவரை நான் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன், அவருக்கு அதைக் கேட்டாலே சிரிப்பு வரும்.

“பேரு உங்கப்பா வச்சாரு. குரூப்பு ஆண்டவன் வச்சான். ரெண்டுல எது பெருசுன்னு நீயே சொல்லு.”



அந்தச் சாலை அப்போது வருடத்துக்கு வருடம் அகலமாகிக்கொண்டே இருந்தது. அவர் கடை பின்னால் பின்னால் போய்க்கொண்டே இருந்தது. கண்டெய்னர் லாரியும் கம்பெனி பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் முட்டி மோதிக்கொண்டு போகும். நடுவில் ஷிஃப்டுக்கு ஓடும் பையன்கள் பைக்கில் நுழைவார்கள். வாரத்துக்கு ஒருவனாவது விழுவான். “இந்த ரோட்ல டயரும் வெடிக்கும், ஆளும் வுழுவான். டயருக்கு டியூப்பு கைல வச்சிக்கிறேன். ஆளுக்கு வாணாவா?” என்பார். ஊர்ச் சேவை, சமூகத் தொண்டு என்றெல்லாம் அவர் பேசி நான் கேட்டதில்லை. ஒரு தடவை பஞ்சாயத்தில் சால்வை போர்த்தினார்கள். மறுநாள் அந்தச் சால்வையில் டியூப் துடைத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் உறிஞ்சவில்லை, துணி சரியில்லை என்று குறைவேறு.

அவர் ரத்தத்தை யாரும் எடுக்க மாட்டார்கள். சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்பவர். “என்னுது பாயசம்பா, எவனும் வாங்க மாட்டான்” என்பார். அதனாலேயே மற்றவர்களைப் பிடித்துக்கொண்டு போனார். போகிறவர்கள் திரும்பி வந்ததும் கடைப் பெஞ்சில் உட்கார வைத்து, பி பாசிட்டிவ் கொண்டுவந்த சோற்றில் முக்கால்வாசியைப் போட்டுவிடுவார். சாப்பிட்டு முடிக்கும்வரை வண்டிச் சாவியைத் தர மாட்டார்.

எங்கே கேட்பது, எங்கே கேட்கக்கூடாது என்ற விவஸ்தையே கிடையாது. ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது, பாத்திரத்தோடு நிற்கும் வரிசையில் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வருவார். பூசாரிக்குத் தாங்காது. “கூழ் குடிக்க வந்தவங்கள ஏன்யா ரத்தம் கேக்குற? ஆத்தா கோயில் வாசல்ல பேசற பேச்சா இது?” என்று ஒரு வருடம் கத்தியே விட்டார். “கத்தாத சாமி, உந்து ஓ நெகட்டிவ். பிபி ஏறிடப் போவுது, நீ எனுக்கு வோணும்” என்றார் இவர். வரிசை மொத்தமும் சிரித்தது, பூசாரி உட்பட. இன்னொரு தடவை ஹெல்மெட் போடவில்லை என்று டிராஃபிக் போலீஸ்காரர் ஒருவர் நிறுத்தினார். இவர் வண்டியை ஓரங்கட்டி, பவ்யமாக, “சார் இன்னா குரூப்பு?” என்றார். அடுத்த மாதம் அந்தப் போலீஸ்காரர் பெஞ்சில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்ததை நானே பார்த்தேன்.

அவரிடம் எனக்குப் புரியாத ஒன்று உண்டு. யார் என்ன சொன்னாலும் அப்படியே எழுதிக்கொள்வார். எப்போது பார்த்தது, எங்கே பார்த்தது என்று கேட்கவே மாட்டார். குடித்துவிட்டு வந்தவன் சொன்னாலும் எழுதுவார். “சரிதானான்னு ஒரு வார்த்த கேக்க வேண்டாமா அண்ணாச்சி?” என்றேன்.

“அய்ய, வேற எத்த பத்தி வேணா பொய் சொல்வான். தன் ரத்தத்த பத்தி எவனாவது சொல்வானா? சொல்லி அவனுக்கு இன்னா கெடைக்கும்?”

இனி என் சமாச்சாரத்துக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி முழுதாகச் சொல்ல முடியாது.

எங்கள் ஆபீசில் என் முக்கியமான வேலை, புதிதாகச் சேரும் ஆட்களுக்கு அடையாள அட்டை அடிப்பது. படம், பெயர், ஊர், பிறந்த தேதி, ரத்த வகை. எந்தக் கட்டமும் காலியாக இருக்கக்கூடாது, இருந்தால் கம்பெனி கேட்டில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வருகிற பையன்களில் பாதிப் பேருக்குத் தங்கள் ரத்த வகை தெரியாது. திருநெல்வேலியிலிருந்து, ராமநாதபுரத்திலிருந்து ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்து காலையில் ஆபீசில் நிற்பவன் அதை எங்கே போய்ப் பார்ப்பான்? மேனேஜரிடம் கேட்டேன்.

“ஓ பாசிட்டிவ்னு போட்டு வுடு. அது எல்லாருக்கும் சேரும்” என்றார்.

அது சேர்வதாவது. எனக்கே அது தப்பு என்று தெரியும். ஆனால் ஒரு நாளைக்கு முப்பது நாற்பது அட்டை. போட்டுவிட்டேன். முதல் வாரம் உறுத்தியது. அப்புறம் கை தானாகப் போட்டது. தெரியாது என்று எவன் சொன்னாலும் ஓ பாசிட்டிவ். பிறகு பிறகு, கேட்பதைக்கூட நிறுத்திவிட்டேன். படிவத்தில் கட்டம் காலியாக இருந்தால் போதும், ஓ பாசிட்டிவ்.

அந்த அட்டைகளைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு பையன்கள் அவர் கடைக்குப் போனார்கள். அவருக்குத் தலைகால் புரியவில்லை. “கேக்கவே வாணாம் பா! அச்சடிச்சே குட்த்துகிறான் மவராசன்!” என்று என்னிடமே வந்து சொன்னார். அட்டையைப் பிடித்துப் பார்த்துப் பார்த்து எழுதினார். சுவரின் ஒரு பக்கம் முழுக்க ஓ பாசிட்டிவ் ஏறியது. “ஒரகடத்துல இனிமே ஓ பாசிட்டிவுக்குப் பஞ்சமே கெடையாது” என்று டீக்கடையில் பெருமை பேசினார். நான் டீயைக் குடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். மகராசன் நான்தான் என்று அவருக்குத் தெரியாது. சொல்லியிருக்கலாம். ஆஸ்பத்திரியில் எப்படியும் சோதித்துத்தானே எடுப்பார்கள், யாருக்கு என்ன கெட்டுப்போய்விடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

என்ன கெடும் என்பது ஒரு சனிக்கிழமை மத்தியானம் தெரிந்தது. வல்லத்தில் வாடகைக்கு இருந்த ஒரு பையனின் மனைவி, தலைப்பிரசவம். பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தை பிறந்துவிட்டது, ஆனால் அவளுக்கு ரத்தம் நிற்கவில்லை. ஓ பாசிட்டிவ். அன்றைக்குக் காலையில் நடந்த ஒரு விபத்தில் கையிருப்பெல்லாம் போய்விட்டிருந்தது. நான்கு பேர் உடனே வேண்டும் என்று அவள் புருஷன் போனில் அழுதான். இவர் கடையை அப்படியே போட்டுவிட்டு, முதல் ஷிஃப்ட் முடிந்து வந்த பையன்களில் ஐந்து பேரை அட்டையைப் பார்த்துப் பொறுக்கினார். “நாலு கேட்டாங்க, ஒண்ணு எக்ஸ்ட்ரா எட்த்துனு போறேன்” என்று ஒரு ஷேர் ஆட்டோவில் ஏற்றினார். நான் அந்த நேரத்தில் அங்கே நின்றிருந்தேன். என் வண்டியில் பின்னால் போனேன். எதற்குப் போனேன்? போகாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

போய்ச் சேரவே முக்கால் மணி நேரம். பரிசோதனைக்காரர் ஒவ்வொருவர் விரலிலும் குத்திக் கண்ணாடித் துண்டில் வைத்துப் பார்த்தார். பிறகு வெளியே வந்து, “யாருங்க கூட்டினு வந்தது?” என்றார்.

“நாந்தான் சார். அஞ்சு பேரு. எல்லாம் ஓ பாசிட்டிவ்.”

“ஒருத்தர்தான் ஓ பாசிட்டிவ். ரெண்டு பேரு பி. ஒருத்தர் ஏ. ஒருத்தர் ஏபி.”

அண்ணாச்சி சிரித்தார். தப்பாக ஏதோ சொல்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். ஒரு பையன் கழுத்திலிருந்த அட்டையைப் பிடித்து, “இங்க பாரு சார், அச்சடிச்சுகீது” என்று காட்டினார். பரிசோதனைக்காரர், “அட்டைய வச்சி நான் இன்னா பண்றது?” என்று உள்ளே போய்விட்டார். பிரசவ வார்டு வாசலில் அவள் புருஷன் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. அவள் செத்தால் கொன்றது நான்.

இவர் நிற்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு புற நோயாளிகள் கூடத்துக்கு ஓடினார். அங்கிருந்து வாசலுக்கு, வாசலிலிருந்து பஸ் ஸ்டாப்புக்கு. கூச்சமே இல்லாமல், காய்கறி விற்கிற குரலில், “ஓ பாசிட்டிவ் யாராவது கீறீங்களா? பிள்ள பெத்த பொண்ணு, ரத்தம் நிக்கல! ஓ பாசிட்டிவ்!” என்று கத்திக்கொண்டே போனார். நானும் எதிர்ப்பக்கம் ஓடிக் கத்தினேன். ஒரு கொய்யாப்பழக்காரர் கூடையைப் பக்கத்துக் கடையில் வைத்துவிட்டு வந்தார். தங்கையைப் பார்க்க வந்த ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். ஒரு ஆட்டோ டிரைவர் வந்தார். கம்பி கட்டுகிற வேலைக்காரர் ஒருவர் வந்தார். அந்த நாலு பேரும் வாயால் சொன்னவர்கள். டிரைவருக்கு மட்டும்தான் தப்பு, மற்ற மூவருக்கும் சரி. அட்டைப் பையன் ஒருவனோடு சேர்த்து நாலு ஆயிற்று.

பெண் பிழைத்துக்கொண்டாள். சாயங்காலம் நர்ஸ் வெளியே வந்து சொன்னபோது இவர் சுவரோரம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மத்தியானம் ஊசி போட்டுக்கொள்ளவில்லை, சாப்பிடவுமில்லை. நான் டீயும் பன்னும் வாங்கி வந்தேன். அவர் பன்னைப் பிய்த்து அந்தப் புருஷன்காரனுக்குக் கொடுத்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. எனக்குத் தூக்கமில்லை. விடிந்ததும் கடைக்குப் போனேன். அவர் டயர் எதுவும் கழற்றாமல் சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் ஆவலாகக் கூப்பிட்டார்.

“ஏ பாசிட்டிவ், நல்ல வேள வந்த. நீ கம்ப்யூட்டர்லதான வேல செய்ற? நைட்டு பூரா யோசிச்சிகினே இருந்தேன். அந்த அட்டை அடிக்கிற மிஷின்ல ஏதோ கோளாறு கீதுப்பா. அந்த ஆபீஸ் எங்க கீதுன்னு விசாரிச்சு, போய் சொல்லணும். பாவம், அவுங்களுக்குத் தெரியாது போல.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

“மிஷின் இல்ல அண்ணாச்சி. நாந்தான்.”

“இன்னா நீதான்?”

“அட்ட அடிக்கது நாந்தான். தெரியலன்னு சொன்னவன் எல்லாத்துக்கும் ஓ பாசிட்டிவ்னு போட்டுட்டேன். மேனேஜர் சொன்னாருன்னு போட்டேன். பெறகு யாரும் சொல்லாமலே போட்டேன்.”

அவர் சாலையில் ஒரு கம்பெனி பஸ் போகும்வரை காத்திருந்து, அப்புறம் மெதுவாகக் கேட்டார்.

“நான் டீக்கடையில பெரும பேசிக்கினு இருந்தேனே. நீ பக்கத்துலதான ஒக்காந்துனு இருந்த?”

“ஆமா.”

அவர் ஒரு பழைய துணியில் பெட்ரோலை ஊற்றி என் கையில் கொடுத்தார். எது அட்டையைப் பார்த்து எழுதியது, எது வாயால் கேட்டு எழுதியது என்று அவருக்கு ஒன்று விடாமல் தெரிந்திருந்தது. விரலால் காட்டினார், நான் துடைத்தேன். இத்த, இத்த, இத்த. பாதிச் சுவர் போயிற்று. மத்தியானம் அந்த அம்மாள் சோறு கொண்டுவந்தார். அவர் கையைக் கழுவிக்கொண்டு போய்ச் சாப்பிட்டார். என்னைக் கூப்பிடவில்லை.

அதன்பிறகு நான் செய்ததைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. தெரியாதவன் கட்டத்தில் ஒரு கோடு போட்டேன். மேனேஜர் குதித்தார். “கேட்ல திருப்புனா நானே போய்ப் பேசுதேன் சார், இனிமே பொய் அடிக்க மாட்டேன்” என்றேன். வேலை போகும் என்றார், போகவில்லை. அண்ணாச்சி ஆஸ்பத்திரிக்காரர்களைக் கெஞ்சிக் கூத்தாடி, அரசுப் பள்ளிக்கூடத்தில் ரத்த வகை பார்க்கும் முகாம் வைத்தார். மூன்று ஞாயிறு நான் ஹாஸ்டல் ஹாஸ்டலாக ஏறி இறங்கி, நான் அட்டை அடித்துக் கொடுத்த பையன்களைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் கூட்டிவந்தேன். வரிசையில் நின்றவனுக்கெல்லாம் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். சுவர் மறுபடி நிறைந்தது. மூன்றாவது ஞாயிறு என் தட்டிலும் சோறு விழுந்தது.

ஆனால் ஒன்று மாறிவிட்டது. “இன்னா குரூப்பு?” என்று கேட்பவர், இப்போது கூடவே, “சீட்டு கீதா?” என்றும் கேட்டார். பூ விற்கிற ஒரு அம்மாள் கோபித்துக்கொண்டு, “இன்னாயா இது, நான் பொய்யா சொல்றேன்?” என்றார். இவர் தலையைக் குனிந்துகொண்டு, “தப்பா நெனச்சிக்காதம்மா, கேக்கணும்” என்றார். கேட்கும்போது அவருக்கே கூச்சமாக இருந்தது. தண்ணீர்த் தொட்டியில் டியூபை அமுக்கிக்கொண்டு, ஆள் முகத்தைப் பார்க்காமல்தான் கேட்பார். யார் சொன்னாலும் நம்பி எழுதிய மனிதர். ஒவ்வொரு தடவை அவர் அதைக் கேட்கும்போதும் எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கேள்வியை அவர் வாயில் வைத்தவன் நான்.

பின்னால் எனக்கு ஓசூரில் வேலை கிடைத்தது. கல்யாணமாயிற்று, பெண் குழந்தை பிறந்தது. இரண்டாயிரத்துப் பதினைந்தில் குன்றத்தூர் முருகன் கோயிலில் அவளுக்கு மொட்டை போட வந்தோம். முடித்துக்கொண்டு, மனைவியையும் கூட்டிக்கொண்டு ஒரகடம் போனேன். கடை இன்னும் கொஞ்சம் பின்னால் போயிருந்தது. தகரச் சுவர் அதேதான். அவர் ஒரு லாரி டிரைவரை நிறுத்தி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“சீட்டு கீதா? சீட்டு இல்லனா எழுத முடியாதுப்பா. ஞாயித்துக்கெழம டெஸ்ட் பண்றாங்க, பார்த்துனு வா.”

டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். இவர் திரும்பி எங்களைப் பார்த்தார். என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. மனைவியை நலம் விசாரித்தார். குழந்தையின் மொட்டைத் தலையைத் தொடப் போய், கை கரியாக இருந்ததால் இழுத்துக்கொண்டார்.

“ராசாத்தி இன்னா குரூப்பு?”

நான் தயாராகத்தான் வந்திருந்தேன். பிறந்த ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஓசூரிலிருந்து சட்டைப் பையில் வைத்துக் கொண்டுவந்திருந்தேன். அவர் கேட்டு முடிக்கும் முன்னால் அதை எடுத்து நீட்டினேன்.

அவர் அதை வாங்கவில்லை. தீக்குச்சியைப் பெயிண்டில் தொட்டுக்கொண்டு சுவர் முன்னால் போய் நின்றார்.

“அத்த உள்ள வையி. நீ சொல்லு.”

“சீட்டு இருக்கு அண்ணாச்சி, பாத்துக்கிடுங்க.”

“நீதான் அப்பன்? நீ சொல்லுப்பா, எழுதறேன்.”

சீட்டைச் சட்டைப் பையில் வைத்தேன். மனைவி ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள்.

“ஓ பாசிட்டிவ்” என்றேன்.

அவர் திரும்பிப் பார்க்காமல் எழுதிக்கொண்டார்.